உதிரி கணக்கில் வராது

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கக்கா. எனக்கு வேண்டாம். இவனை ஜன்னல் ஓரம் வைத்தால் ரோட்டில் போகிற மாடு, லாரி, மண்வெட்டியோடு நிற்கிற ஆள் எல்லாருக்கும் டாட்டா காட்டச் சொல்வான். கை வலிப்பது அவனுக்கில்லை, எனக்கு. நான்தானே பிடித்து ஆட்ட வேண்டும்?

கம்பம் வரைக்குமா? நல்லதாப் போச்சு. நான் உத்தமபாளையம் தாண்டி இறங்கணும். அதுவரைக்கும் பேச ஆள் கிடைத்தது. இந்த டிரைவர் வேற பாட்டே போட மாட்டேங்கிறார்.

பிள்ளைகளா? ரெண்டுக்கா. இவன் அகிலன், ஒன்றரை வயசு. மூத்தவள் மோனிஷா. நாலு வயசு. போன ஐப்பசி மழையில் போயிட்டாள்.

ஐயோ, முகத்தை அப்படி வைக்காதீங்கக்கா. உங்களை அழ வைக்கவா சொன்னேன்? இன்றைக்கு நான் அழுகிற ஆள் இல்லை. தேனியில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டுத்தான் வர்றேன். என் பிள்ளையை நான் கொல்லலைன்னு ஒரு பெரிய ஆபீசர் சொல்லிட்டாருக்கா. அத்தனை பேர் முன்னாடி, மைக்கில் சொன்னார். அதை யார்கிட்டயாவது சொல்லணும். வீட்டுக்குப் போனால் சொல்லலாம்தான். ஆனால் அங்கே என் மாமியார் இருக்காங்க, அவங்களுக்கு நல்ல சேதி காதில் ஏறாது.

இருங்க, முதலிலிருந்து சொல்றேன். இல்லைன்னா என்னைப் பைத்தியம்னு நினைச்சுக்குவீங்க.

எங்களுக்குத் திராட்சைத் தோட்டத்து வேலை. சொந்தத் தோட்டமெல்லாம் இல்லை, கூலிக்குத்தான். நீங்க போற வழியில் பார்த்திருப்பீங்களே, தலைக்கு மேலே பந்தல் போட்டு, பச்சைக் கொட்டகை மாதிரி இருக்கும். அதற்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே குலை வெட்டணும். சாயந்தரம் வீட்டுக்கு வந்தால் சோற்றுத் தட்டைக் குனிந்து பார்க்க முடியாது, கழுத்து அப்படியே நிற்கும். என் வீட்டுக்காரர் தனபால் அதே தோட்டத்தில் மருந்து அடிக்கிறார். 'நீ ஊருக்கே தலை நிமிர்ந்து நடக்கிறவ'ன்னு என்னைக் கிண்டல் பண்ணுவார்.

அவர் ரொம்பச் சுத்தம்கா. மருந்து அடித்துவிட்டு வந்தால் வாசலிலேயே சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பார். மோனிஷா ஓடி வந்து காலைக் கட்டப் போவாள். 'தொடாத, தொடாத, அப்பா மேல மருந்து'ன்னு கையைத் தூக்கிக்கொண்டு போலீஸைப் பார்த்த திருடன் மாதிரி நிற்பார். அவள் அதற்காகவே துரத்துவாள். நாங்கள் விவரம் தெரியாத ஆட்கள் இல்லை, அதுக்குச் சொல்றேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். குலையை வெட்டிக் கிரேட் பெட்டியில் அடுக்கும்போது பழம் உதிரும். வெடித்தது, காம்பு விட்டது, எறும்பு கடித்தது. கீழே தார்ப்பாய் விரித்திருப்போம், அதில் விழும். கிரேட்டில் இருப்பது முதலாளிக்கு. தார்ப்பாயில் கிடப்பது எங்களுக்கு. உதிரின்னு சொல்வோம். சாயந்தரம் ஆளுக்கு ஒரு தூக்குவாளியில் அள்ளிக்கொண்டு போவோம். யாரும் அளக்க மாட்டாங்க, யாரும் கேட்க மாட்டாங்க. முதலாளியம்மா மட்டும், 'ஏண்டி நதியா, குலையை உலுக்கி உலுக்கி வெட்டுறியா?'ன்னு ஒரு சத்தம் போடும். அதுவும் சும்மா, சிரித்துக்கொண்டேதான்.

நதியா என் பேர்தான்கா. எங்கப்பா வைத்தது. எங்கம்மாவுக்கு இன்றைக்கு வரைக்கும் அதில் ஒரு கோபம் உண்டு, அது வேற கதை.

மோனிஷா என்கூடவே தோட்டத்துக்கு வந்துவிடுவாள். பால்வாடிக்கு அனுப்பினால் மத்தியானம் முட்டை தின்றுவிட்டு, டீச்சர் அந்தப் பக்கம் திரும்பியதும் இந்தப் பக்கம் ஓடி வந்துவிடும், அப்படி ஒரு கழுதை. தார்ப்பாயில் உட்கார்ந்து உதிரியைப் பொறுக்கித் தின்னும். அவள் பாட்டுக்குத் தின்பாள், நான் பாட்டுக்கு வெட்டுவேன். யார் வந்தாலும் நாக்கை நீட்டிக் காட்டுவாள். ஊதா நாக்கு. வியாபாரி வந்தாலும் நாக்கு, முதலாளி வந்தாலும் நாக்கு. ஒரு தடவை எங்க ஊர்ப் பூசாரிக்கும் காட்டிவிட்டாள். 'காளி மாதிரி இருக்காளே'ன்னு அவரே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மழைக்காலம் வந்தால் எங்களுக்கு வேலை ரெட்டிப்பு. மழை பெய்தால் பழம் வெடிக்கும், உதிரி நிறைய விழும். மழை பெய்தால் இலையில் நோய் வரும், அதனால் மருந்தும் நிறைய அடிக்கணும். இன்றைக்கு மழைன்னா நாளைக்கு மருந்து. அடித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் குலை வெட்டணும்னு கணக்கு உண்டு, அதில் எங்கள் முதலாளி ரொம்பக் கறார். குலைக்கு. உதிரி எப்ப வேணாலும் விழும், அதை என்ன செய்ய முடியும், அதுகிட்ட நாளைக்கு விழுன்னு சொல்ல முடியுமா?

அந்த ஐப்பசியில் தூக்குவாளி பத்தவில்லை, குடத்தில் கொண்டு வந்தேன். அவ்வளவு உதிரி. வீணாக்க மனசு வரவில்லை. ஒரு வேலை செய்தேன். கழுவி, சட்டியில் போட்டு, சீனி போட்டு, நன்றாகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டினால் கெட்டியாக ஜூஸ் வரும். பாட்டிலில் ஊற்றி வைத்தால் கெடாது. மோனிஷா மெலிசான உடம்பு, ரத்தம் கம்மின்னு பால்வாடி டீச்சர் சொல்லியிருந்தாங்க. கறுப்புத் திராட்சை தின்றால் ரத்தம் ஊறும், இல்லையா? காலையில் ஒரு டம்ளர், பால்வாடியிலிருந்து ஓடி வந்ததும் ஒரு டம்ளர், படுக்கும்போது கேட்டால் இன்னொன்று. குடத்தில் இருந்தது பாட்டிலுக்குள் அடங்கிப் போகும்கா, அப்படிச் சுண்டும். என் கைப்பக்குவம் அது. பக்கத்து வீட்டில் எல்லாம் என்னைப் பார்த்துத்தான் காய்ச்ச ஆரம்பித்தாங்க.

அந்த மழையில்தான் ஒரு பொண்ணு வந்தது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் பெரிய போன் மாதிரி ஒரு டேப், மேலெல்லாம் நனைந்து கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கிக்கொண்டு நின்றது. 'அக்கா, சர்வே. வீட்ல என்ன சாப்பிடுறீங்கன்னு கணக்கெடுக்கிறோம்.'

'நாங்க சாப்பிடறது இருக்கட்டும், நீ சாப்பிட்டியா?'ன்னு கேட்டேன். தலையை ஆட்டியது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது பொய்ன்னு. துண்டு கொடுத்தேன், உட்கார வைத்தேன், ஜூஸில் வெந்நீர் கலந்து ஒரு டம்ளர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, 'சூப்பர்க்கா, கடைல வாங்குனதா?'ன்னு கேட்டது. எனக்கு அவ்வளவு பெருமை!

பிறகு கேள்வி ஆரம்பித்தது. 'நேத்து பாப்பா என்ன சாப்பிட்டா?' இட்லி. எத்தனை? ரெண்டு. சாம்பார். மத்தியானம் சோறு, பருப்பு, முட்டை. முட்டைன்னு நான் அழுத்திச் சொன்னேன், பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்காமல் வளர்க்கிறேன்னு எழுதிவிடக் கூடாதே. பால்? இருக்கே, அரை டம்ளர். 'பழம் என்னக்கா வாங்குவீங்க?' நான் சிரித்துவிட்டேன். 'பழமா? நமக்கு எங்கம்மா? வெள்ளிக்கிழமை சாமிக்கு வைக்கிற வாழைப்பழம்தான். ஆப்பிள் யாருக்காவது காய்ச்சல் வந்தா வாங்குவோம்.' 'திராட்சை?' 'அதெல்லாம் கேரளாக்காரன் திம்பான், நமக்குக் கட்டுமா?' அந்தப் பொண்ணும் சிரித்தது. டேப்பில் ஏதோ தட்டியது. போகும்போது மோனிஷா நாக்கை நீட்டிக் காட்டினாள், அதுவும் பதிலுக்கு நீட்டியது. அதன் நாக்கும் ஊதாவாகத்தான் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் எப்படிச் சிரித்தோம் தெரியுமா?

...இவன் மூக்கைத் துடைக்கணும். கொஞ்சம் இந்தப் பையைப் பிடிங்க.

அதற்குப் பிறகுதான்கா. முதலில் கை நடுக்கம். டம்ளரைப் பிடித்தால் தளும்பும். விளையாட்டுக்குச் செய்கிறாள்னு நினைத்து ஒரு தட்டுத் தட்டினேன். பிறகு வாந்தி. வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. மழைக்குச் சளி பிடித்திருக்குன்னு ஊரில் ஊசி போட்டோம். தெம்பு வரட்டும்னு ஜூஸை இன்னும் கொஞ்சம் கெட்டியாகவே கொடுத்தேன். ஒரு காலையில், தலை சீவிக்கொண்டிருக்கிறேன், ஒரு பக்கம் பின்னியாச்சு, மறுபக்கம் எடுக்கிறேன், அப்படியே வெட்டி வெட்டி இழுத்தது.

மதுரைக்குக் கொண்டு போனோம். பெரிய ஆஸ்பத்திரி. வாயைத் திறந்து பார்த்த நர்ஸ், 'டாக்டர், நாக்கு நீலமாகிருச்சு!'ன்னு கத்திவிட்டது. எல்லாரும் ஓடி வந்தாங்க. நான் சிரித்தேன்க்கா. அந்த இடத்தில் நின்று சிரித்தேன். 'அது நீலமில்ல சிஸ்டர், உதிரி தின்ன கறை, எங்க பிள்ளைக்கு எப்பவும் அப்படித்தான்'ன்னு சொன்னேன். அந்த நர்ஸ் பஞ்சில் தண்ணி தொட்டு நாக்கைத் துடைத்தது. கொஞ்சம் போனது. மீதி போகவில்லை.

ஒரு பக்கம் பின்னல், ஒரு பக்கம் விரித்த தலை. அப்படியேதான் கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்து மறுபக்கமும் பின்னிவிட்டேன்.

எதனாலன்னு கேட்டதற்கு, 'மூளைக்காய்ச்சலா இருக்கலாம், எதுவும் உறுதியாச் சொல்ல முடியலம்மா'ன்னாங்க. அந்த மழையில் பக்கத்து ஊர்களிலும் சில பிள்ளைகளுக்கு இதே மாதிரி இழுத்தது. அதெல்லாம் பிழைத்துக்கொண்டது. நல்லா இருக்கட்டும்.

என் மாமியார் இருக்காங்களே, அவங்க பதினாறாம் நாளே ஆரம்பிச்சுட்டாங்க. 'கறுப்புத் தண்ணியைக் காய்ச்சிக் காய்ச்சி ஊத்துனாளே, மருந்து வாடை எனக்கு அப்பவே அடிச்சுச்சே.' அப்போது அடித்திருந்தால் அப்போதே சொல்ல வேண்டியதுதானே? அவங்களும்தான் டம்ளர் டம்ளராகக் குடித்தாங்க. ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. என் கையைப் பார்த்தாலே எனக்குப் பிடிக்காது. இந்தக் கைதானே காய்ச்சியது, இந்தக் கைதானே வாயைத் திறந்து ஊற்றியது. இவனுக்குச் சோறு ஊட்டக்கூட என் தங்கச்சியைக் கூப்பிடுவேன். பாட்டிலை எல்லாம் உடைத்தேன். உதிரி எடுப்பதை விட்டேன். என் வீட்டுக்காரர் கண்ணாடிச் சில்லைக் கூட்டி அள்ளிக் கொட்டினார், அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிள்ளைகளுக்கு இப்படி ஆச்சேன்னு ஊர்க்காரங்க கேட்டுக் கேட்டு, ஒரு வழியாக இன்றைக்குத் தேனியில் கூட்டம் போட்டாங்க. பழத்தில் மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கலாம்னு பார்க்கிற ஆபீசர் சென்னையிலிருந்து வந்திருந்தார். சின்ன வயசுதான், என் தம்பி மாதிரி. அதட்டவில்லை, அவசரப்படவில்லை. திரையில் படம் போட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

'ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு அளவு இருக்குங்க. எலிக்குக் கொடுத்துப் பார்த்து, எவ்வளவு கொடுத்தா ஒண்ணும் ஆகலைன்னு கண்டுபிடிச்சு, அதையும் நூறு பங்கு போட்டு, அதில ஒரு பங்குதான் மனுசனுக்கு விடுறோம். அடுத்தது, இங்கே ஜனங்க எந்தப் பழத்தை எவ்வளவு சாப்பிடுறாங்கன்னு வீடு வீடா எடுத்த கணக்கு இருக்கு. சந்தைக்குப் போற பெட்டியில இருந்து பழம் எடுத்துச் சோதிச்சோம். ரெண்டையும் பெருக்கிப் பார்த்தா, உள்ளே போறது அந்த ஒரு பங்குல பாதிகூட வரல.'

எங்கள் தோட்டத்தில் மருந்து கலக்குகிற மொக்கராசு அண்ணன் எழுந்திருச்சார். 'சார், நாங்க ஒரே டேங்க்ல மூணு மருந்து ஊத்தித்தான் அடிக்கிறோம். மூணையும் சேத்துப் பாத்தீங்களா?'

'ஒவ்வொண்ணும் தனித்தனியா அளவுக்குள்ளதான் இருக்கு.'

'வயித்துக்குள்ள போயி அது தனித்தனி ரூம்லயா சார் தங்கும்?'

கூட்டமே சிரித்தது. ஆபீசரும் சிரித்துவிட்டார். 'அதுக்கான முறை இன்னும் வரலண்ணே, பேசிக்கிட்டிருக்காங்க'ன்னார். மொக்கராசு அண்ணனுக்கு எல்லாவற்றிலும் குறுக்குச் சால் ஓட்டணும், விடுங்க.

எனக்கு அதெல்லாம் வேண்டாம். நான் ஒன்றே ஒன்று கேட்கணும்னு போனேன். மைக் வந்தது. வாங்கினேன். பின்னாடி இருந்து ஒரு அம்மா, 'கேளுத்தா'ன்னாங்க. 'சார், நான் என் பிள்ளைக்குத் திராட்சை குடுத்தேன். அதனால...' அவ்வளவுதான் வந்தது.

அந்த ஆபீசர் பிள்ளை மேடையை விட்டே இறங்கி வந்துவிட்டார்க்கா. 'இல்லம்மா. நீங்க குடுத்ததால ஆகலை. மனசைப் போட்டு வருத்திக்காதீங்க. உங்க பக்கத்துப் பிள்ளைங்க வாரத்துக்குச் சாப்பிடுற திராட்சை ஒரு கைப்பிடிகூட இல்லைன்னு கணக்கு சொல்லுது. அந்த அளவுக்கு ஒண்ணுமே செய்யாது. உங்க சின்னப் பிள்ளைக்கும் கழுவிட்டுத் தைரியமாக் குடுங்க.' அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அந்தக் கணக்கு யார் எடுத்ததுன்னு நினைக்கிறீங்க? திரையில் எங்கள் ஊர்ப் பேர் வந்தது. நம்ம வீட்டுக்கு வந்து நனைந்து நின்றதே, அந்தப் பொண்ணு எடுத்ததுதான்! பக்கத்தில் இருந்த அம்மாவிடம், 'அதுல எங்க வீடும் இருக்கு'ன்னு சொன்னேன். அவ்வளவு பெரிய கணக்கில் நாமும் இருக்கிறோமேன்னு இருந்தது.

வெளியே வந்ததும் சோறு போடறாங்கன்னாங்க. பிரியாணிப் பொட்டலம் அப்போதுதான் வந்து இறங்கியது. நான் நிற்கவில்லை. நேராகத் தள்ளுவண்டிக்குப் போய் அரைக் கிலோ திராட்சை வாங்கினேன். பிறந்ததிலிருந்து காசு கொடுத்துத் திராட்சை வாங்கியது இன்றைக்குத்தான். குழாயில் கழுவினேன். இவன் வாயில் ஒன்று வைத்தேன். என் கையால். ஒரு வருசத்துக்குப் பிறகு என் கையால்.

இந்தா பாருங்க, பை. இன்னும் பாதி இருக்கு. இவனுக்குத் தோலை உரித்து, விதையை எடுத்து, ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டேதான் வர்றேன். நீங்களும் எடுத்துக்கங்க.

என்னக்கா?

உதிரியையா? அந்தப் பொண்ணுகிட்டயா?

அதை எதுக்குச் சொல்லணும்? அது என்ன சாப்பாடா? அது கேட்டது பழம் என்ன வாங்குறீங்கன்னு. உதிரியை யார் வாங்குறா? அது கீழே விழுந்தது. அதைப் போய்ப் பழம்னு யாராவது சொல்வாங்களா? ஜூஸும் அப்படித்தான். அது நான் காய்ச்சினது, அந்தப் பொண்ணே குடிச்சுச்சே, அதுக்கே தெரியுமே. எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் உதிரியைச் சொல்லியிருக்க மாட்டாங்க, கேட்டுப் பாருங்க. சந்தைப் பெட்டியில் உதிரி ஏது? அவங்க சோதித்ததும் பெட்டியில் இருந்ததைத்தானே...

ஒரு கைப்பிடி.

வாரத்துக்கு ஒரு கைப்பிடின்னார்க்கா.

அகிலா, வாயைத் திற. அம்மாகிட்ட காட்டு. துப்பு. துப்பு சாமி. இல்லடா, அம்மா அடிக்க மாட்டேன், துப்பு.

அவள் ஒரு டம்ளரில் குடித்தது ஒரு வாளி உதிரிக்கா. சுண்டக் காய்ச்சினது. ஒரு நாளைக்கு மூன்று டம்ளர். நான் பருப்பு, முட்டை, பாலுன்னு சொன்னேன். பாலு அரை டம்ளர்னு சொன்னேன், அதுகூடக் கால் டம்ளர்தான்.

நீங்க அதையெல்லாம் யோசிச்சுக் கேட்டிருக்க மாட்டீங்க. தெரியுது. சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டீங்க. பேசாமல் இருந்திருக்கலாமேக்கா. இல்லை, உங்களைச் சொல்லலை. ஒரு அரை நாள் என் கை எனக்குத் திரும்பி வந்த மாதிரி இருந்தது. காலையில் அந்த ஆபீசர் சொன்னதிலிருந்து இந்தப் பஸ் வரைக்கும். அவ்வளவுதான் அது.

இப்போது எந்த ஊர் இது? சின்னமனூரா? இங்கேயிருந்து தேனிக்குத் திரும்ப வண்டி இருக்கும்ல? நான் கிளம்பும்போதுதான் பிரியாணிப் பொட்டலமே வந்தது. அந்த ஆபீசர் பிள்ளை கடைசியாகத்தான் சாப்பிடுவார், பார்த்தாலே தெரியுது அந்த மாதிரி ஆள். அவர் ஊருக்குக் கிளம்புவதற்குள் போய்விடலாம். எங்கள் தெருவில் இன்றைக்கும் எல்லா அடுப்பிலும் காய்ச்சுறாங்கக்கா. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மழையும் வரப் போகுது.

என்ன சொல்வேனா? சார், உங்க கணக்கில் என் பிள்ளை தின்றது இல்லைன்னு சொல்வேன். சேர்த்துப் போட்டுப் பாருங்கன்னு சொல்வேன். பார்த்துவிட்டு, பெருக்கிவிட்டு, அவர் மறுபடி என் முகத்தைப் பார்த்து என்ன சொல்லுவாரோ, அது எனக்கு இப்பவே தெரியும். தெரிந்துதான் போறேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க?

கண்டக்டரண்ணே, ஆள் இறங்கணும்! ஒரு நிமிசம், பிள்ளை வச்சிருக்கேன்!

அக்கா, இவனைக் கொஞ்சம் வச்சுக்கங்க, நான் முதலில் இறங்கிக்கிறேன். படி உயரமா இருக்கு. அந்தப் பை வேண்டாம், அது கிடக்கட்டும். இல்லை, நீங்களும் தின்னாதீங்க. ம், இறங்கிட்டேன். இவனைக் கொடுங்க. அழுதால் அழட்டும், கொடுங்கக்கா.

விடுங்க. பிடிச்சிட்டேன்.